மேட்டு லயத்தின் முதல் பக்கம்

தன் வலைப்பூவுக்கு விளம்பரம் கேட்டுத் தனுஜா முதன்முதலில் போனது இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் இருந்த ஒரு புடவைக் கடைக்கு. கடைக்காரர் அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "எல்லாஞ் சரிதாம்மா. கையில ஒன்னும் இல்லாம வந்து நின்னு பேசுறியே, நாளைக்கு எதப் பாத்து நான் ஒன்ன ஞாபகம் வச்சிக்கிறது?" என்றார்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. மனுஷன் கேட்டதில் நியாயம் இருந்தது.

அப்போது 2008. தலவாக்கலையில், போன் பேசவும் இணையம் பார்க்கவும் ஆட்கள் வரும் விஜிதரனின் கொமியூனிகேஷன் கடையில் கணனி வேலை முழுவதும் அவள் கையில்தான். பிறந்து வளர்ந்தது அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான மேட்டு லயத்தில். அந்தப் பெயரையே வலைப்பூவுக்கும் வைத்திருந்தாள். கோயில் திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி, மண் சரிந்து பஸ் நின்றுபோனது, யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சாவு என்று பேப்பர்காரர்கள் எட்டிப் பார்க்காத சங்கதிகள் எல்லாம் அதில் படத்தோடு வரும். படம் எடுத்தது இரவல் கேமரா. தோட்டம் தோட்டமாகப் போய்வர பஸ்ஸுக்குச் சம்பளத்தில் பாதி கரைந்தது. வலைப்பூவை நிறுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் அது தன் சோற்றைத் தானே தேடிக்கொள்ள வேண்டும் என்று முடிவு கட்டினாள்.

இணையத்தில் தேடியபோது, வெளிநாட்டுக்காரர்கள் இந்தக் காரியத்துக்கு 'மீடியா கிட்' என்று ஒன்று வைத்திருப்பது தெரிந்தது. நாங்கள் யார், எங்களை யார் படிக்கிறார்கள், எந்த இடத்தில் விளம்பரம் போடலாம், அதற்கு என்ன விலை என்பதையெல்லாம் நாலைந்து பக்கத்தில் அழகாகச் சொல்லி, விளம்பரம் தரக்கூடியவர் கையில் கொடுத்துவிட்டு வரும் கோப்பு.

"இவ்ளோதானா? நம்மளே செஞ்சிரலாம்ணே" என்றாள் விஜிதரனிடம்.

எத்தனை பேர் படிக்கிறார்கள் என்ற இடத்தில் விஜிதரன் முகத்தைச் சுளித்தான். "ரொம்பக் கொறச்சலா இருக்கே தங்கச்சி. ஒரு சைபரச் சேத்து விடு. யாரு வந்து எண்ணப் போறா?"

"எண்ணவே வேணாம்ணே. பக்கத்துக்கு அடியிலயே எண்ணிக்கை ஓடிக்கிட்டு இருக்கு. வெளம்பரம் குடுக்குற மொதலாளியோட மகன் தொறந்து பாத்தா நம்ம வண்டவாளம் தெரிஞ்சிரும். அப்பறம் ஹட்டன் பக்கம் தலகாட்ட ஏலுமா?"

எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் அந்தச் சின்னக் கூட்டம் யார்? அதுதான் கேள்வி என்று அவளுக்குப் பட்டது. வாசகர்களிடமே கேட்டு ஒரு பதிவு போட்டாள். எங்கே இருக்கிறீர்கள், எந்தத் தோட்டத்துக்காரர், கடைசியாக வீட்டுக்கு என்ன வாங்கிக் கொடுத்தீர்கள்?

பதில்கள் மழைபோல் வந்தன. கொழும்பில் வெள்ளவத்தைக் கடைகளில் நிற்கும் பையன்கள் எழுதினார்கள். டோஹாவிலிருந்து சாரதிகள், துபாயிலிருந்து கட்டட வேலைக்காரர்கள். பெய்ரூத்தில் வீட்டு வேலை செய்யும் வீரம்மா, அந்த வீட்டுப் பிள்ளையின் உதவியோடு தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தாள்: "ஓட்டப் பந்தயப் படத்தில் மஞ்சள் சட்டைப் பிள்ளை என் மகள். அந்தப் படத்தைத் தினமும் பார்க்கிறேன். போன மாதம் வீட்டுக்கு இரும்பு அலுமாரி வாங்கக் காசு அனுப்பினேன்."

தனுஜா அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். அலுமாரி வாங்கும் கை பெய்ரூத்தில் இருக்கிறது. அலுமாரி விற்கும் கடை ஹட்டனில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது தன் வலைப்பூ மட்டும்தான். இனி யாரிடமும் கெஞ்சத் தேவையில்லை என்று அந்த நிமிஷத்தில் அவளுக்குத் திட்டமாகத் தெரிந்துபோயிற்று.

கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு வாசகர்களின் வார்த்தைகளை அப்படியே கோப்பில் சேர்த்தாள். அட்டைக்கு அருவிப் படம் போடலாம் என்றான் விஜிதரன்.

"அருவி பாக்க டூரிஸ்ட் வருவான். நம்ம ஆளுங்க பாக்க ஏங்குறது அவங்க வீட்டுக் கூரையண்ணே" என்று, அன்டெனா முளைத்த தகரக் கூரைகள் வரிசையாக நிற்கும் படத்தைப் போட்டாள். கடைசிப் பக்கத்தில் இரண்டே வரி: "விளம்பரத்துக்கு இடம் விற்கிறோம். செய்தியை விற்பதில்லை."

ஹட்டனில் டிவி, ரைஸ் குக்கர், கிரைண்டர் விற்கும் குகநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். மலைக்கு வந்து இருபது வருஷமாகியும் பேச்சு மாறாதவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோப்பை வரிவரியாக வாசித்தார்.

"வடிவாத்தான் செய்திருக்கிறாய் பிள்ளை. ஆனா உன்ரை ஆக்களெல்லாம் டோஹாவிலை எல்லோ இருக்கினம்? அவன் பிளேன் ஏறி வந்தே என்னட்டை குக்கர் வாங்கப் போறான்?"

"அவங்க வர மாட்டாங்க மொதலாளி. அவங்க அம்மா வருவாங்க. எந்தக் கடைக்குப் போகணும்னு மகன்தான் போன்ல சொல்லுவான். இன்னொன்னும் செய்யலாம். சாமானப் படத்தோட விலையப் போட்டு விடுங்க. அவங்க பேங்க்ல காசு போடட்டும். ஒங்க லொறி லயத்து வாசல்ல எறக்கட்டும். எறக்குனத நான் படம் புடிச்சிப் போடுறேன். அதப் பாத்தா இன்னும் பத்து பேரு கேப்பாங்க."

குகநேசன் கண்ணாடியைக் கழற்றினார். வியாபாரி முகத்தில் ஆசை தெரிந்தது. உடனே அதை மறைத்துக்கொண்டார்.

"சரி. முதல் பக்கத்திலை மேலை போடு. ஆனா ஒண்டு. என்ரை மகன் காட்டினவன். உன்ரை பக்கத்திலை ஆரோ சந்திரமோகன் எண்டவன், என்ரை கடையிலை தாய் வாங்கின ரீவி பழுதாப் போச்சு, திருத்தித் தரேல்லை எண்டு எழுதியிருக்கிறான். அதை எடுத்துவிடு."

தனுஜாவுக்கு அந்தக் குறிப்பு நன்றாக நினைவிருந்தது. அவன் அம்மா அழகம்மா, உத்தரவாதக் காலம் முடியுமுன்பே அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இரண்டு தடவை திரும்பிப் போயிருந்தாள்.

"எடுக்க மாட்டேன் மொதலாளி. நீங்க திருத்திக் குடுங்க. திருத்திட்டாங்கன்னு அதுக்குக் கீழயே எழுதுறேன்."

"அப்ப எனக்கேன் விளம்பரம்?"

"நீங்க கேட்டவொடன நான் எடுத்துட்டா, அந்தப் பக்கத்த யாரு நம்புவா? யாரும் நம்பாத பக்கத்துல ஒங்க கடைப் பேரு இருந்து என்னாத்துக்கு?"

அவர் கோப்பை மூடி மேசையில் வைத்தார். போகலாம் என்று அர்த்தம். தனுஜா வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கோப்பைத் திருப்பிக் கேட்கவில்லை. அது அவர் மேசையிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவந்தாள்.

அங்கிருந்து நேரே பூண்டுலோயாவுக்கு பஸ் ஏறினாள். அங்கே ஒருவர் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். வாசகர்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்ற பக்கத்தைப் பார்த்ததுமே அவர் மேற்கொண்டு புரட்டவில்லை. "இவங்கள ஏத்தி எறக்கத்தானம்மா நான் வேனே வாங்குனேன்!" என்று முதல் பக்கத்தின் மேல் இடத்தை அங்கேயே பேசி எடுத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து விஜிதரன் கடை போன் அடித்தது.

"பிள்ளை, குகநேசன் கதைக்கிறன். ரீவி திருத்தியாச்சு. அந்த மேல் இடத்தை எனக்கு வை."

"மேல் எடம் போயிருச்சுங்க மொதலாளி. அதுக்கு அடுத்த எடம் இருக்கு."

"விலை?"

"கோப்புல போட்டிருக்கறதுதாங்க."

"குறைக்கமாட்டாய்?"

"மாட்டேங்க."

அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆனால் தனுஜா அவர் சொன்னதை வைத்துக்கொண்டு எழுதிவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தானே போய் அழகம்மா வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தாள். "படம் பளிச்சுன்னு இருக்கு புள்ள. சத்தந்தான் கெணத்துக்குள்ள இருந்து பேசுறாப்ல இருக்கு" என்றாள் அழகம்மா. அப்படியே எழுதப்போவதாகத் தனுஜா குகநேசனுக்குப் போனில் சொன்னாள்.

"நாளைக்குத் திருத்திற பெடியன் வீட்டை வருவான். அதுக்குப் பிறகு எழுதன்."

"இன்னைக்குப் பாத்தத இன்னைக்கு எழுதுறேங்க. நாளைக்குச் சரியானா நாளைக்கும் எழுதுறேன்."

அவள் இரண்டு நாளும் எழுதினாள். முதல் குறிப்பைவிட இரண்டாவதற்குத்தான் பதில்கள் அதிகம் வந்தன. 'ஆள் வீடு தேடி வந்து திருத்துகிறாரா? அந்தக் கடை எங்கே இருக்கிறது?' என்று துபாயிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் கேட்டார்கள். குகநேசன் மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

தீபாவளிக்கு முந்தின வாரம் குகநேசனின் லொறி மலை ஏறியது. முன் இருக்கையில் தனுஜா, மடியில் அவள் சொந்தக் காசில் வாங்கிய கேமரா. முதலில் நின்ற லயத்தில் ராக்காயி வீட்டுக்கு ஒரு கிரைண்டர் இறங்கியது. துபாயில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்தது. தனுஜா கேமராவைத் தூக்கினாள்.

"இரு புள்ள, இரு!" என்று கொழுந்து பறிக்கப் போய்வந்த கோலத்தோடு நின்ற ராக்காயி உள்ளே ஓடினாள். "சீலய மாத்திக்கிட்டு வந்துர்றேன். மகன் பாப்பான்ல!"