வீட்டுக்காரர் கையெழுத்து

ஆஸ்பத்திரி பெஞ்சில் இடமில்லை. மெஹர் பானு சுவரில் சாய்ந்து நின்றபடியே ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் பன்னிரண்டையும் காரைக்கால் கடைவீதியில் கொடுத்தாக வேண்டும்.

போன மாதம் தெருவுக்கு வந்த தர்ம ஆஸ்பத்திரி நர்சுகள், பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் நீரெடுத்துக் கண்ணாடியில் தடவிக்கொண்டு போனார்கள். இவளை மட்டும் திரும்ப வரச்சொல்லிச் சதை எடுத்துப் பார்த்தார்கள். இன்றைக்கு முடிவு.

"புத்துநோய்தாம்மா. ஆனா ஆரம்பம்தான்" என்றார் டாக்டரம்மா. "கர்ப்பப்பைய எடுத்துட்டா பொழைச்சுக்குவீங்க. அடுத்த வாரமே செஞ்சுடலாம்."

"வலியே இல்லைங்களே."

"வலி வர்றதுக்கு முன்னாடி கண்டுபுடிச்சாச்சு. அதான் நல்லது."

அலுவலக அறையில் குமாஸ்தா நீலகண்டன் ஒரு ஃபாரத்தை நீட்டினார்.

"வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்."

"அவங்க சவுதியில கட்டட வேலைங்க."

"அனுப்பி வாங்குங்க."

கூட வந்திருந்த அண்ணன் நூகு முன்னால் வந்தார். "நான் கூடப் பொறந்தவன் சார். நான் போடுறேன்."

"செல்லாது பாய். நாளைக்கு அவரு வந்து, யாரைக் கேட்டு எடுத்தீங்கன்னா?"

"நான் போட்டா?" என்றாள் மெஹர் பானு.

அவர் நூகைப் பார்த்தே பதில் சொன்னார். "ரூல் அப்படி."

டாக்டரம்மா இரண்டு தடவை எழுதிக் கேட்டும் நிர்வாகம் இறங்கிவரவில்லை.

கணவன் பீர் மைதீனைக் கம்பெனி வேறு ஊருக்கு மாற்றியிருந்தது. ஃபாரம் வைத்து அனுப்பிய கடிதம் இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. புது விலாசம் கிடைப்பதற்குள் ஆடி போய்விட்டது. ஐப்பசி மழையில் அவளுக்கு உடுத்திய துணியில் ரத்தக் கறை படத் தொடங்கியது. இடுப்பு வலியில் மிஷினை விட்டு எழ முடியாமல், பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ஓய்வெடு புள்ள" என்றார் நூகு. "தீபாவளித் துணி நானா, கடைக்காரர் விடமாட்டாரு" என்றாள் அண்ணனிடம்.

ஏழாவது மாதம் ஃபாரம் வந்தது. கூடவே பீர் மைதீன் எழுதியிருந்தான்: 'இதுக்குப் போயா எங் கையெழுத்துக்குக் காத்துக் கெடந்தே? ஒடனே பண்ணிக்க.'

டாக்டரம்மா சோதித்துவிட்டு வெகுநேரம் கை கழுவினார்.

"அண்ணனைக் கூப்புடவா?"

"எங்கிட்டயே சொல்லுங்க."

"பக்கத்துல பரவிடுச்சும்மா. இனிமே அறுக்க முடியாது. மெட்ராசுக்குப் போயி கதிர்க் கரண்டு வச்சுக்கணும்."

"பொழைச்சுக்குவேன்னு சொன்னீங்களே."

டாக்டரம்மா நோயாளிச் சீட்டில் எழுதிக்கொண்டே இருந்தார்.

நீலகண்டன் மெட்ராஸுக்கான தாளைத் தயார் செய்து மேஜையில் வைத்தார். நூகு பேனாவுக்குக் கை நீட்டினார்.

"நீங்க வேணாம் பாய். ஆஸ்பத்திரி மாத்துறதுக்கு அவங்க கையெழுத்தே போதும்."

மெஹர் பானு பேனாவை வாங்கினாள். கோட்டின்மேல், எழுத்து எழுத்தாக, தன் பெயரை முழுசாக எழுதினாள். நீலகண்டன் மை ஒற்றி எடுத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.