ஆஸ்பத்திரி நிறுத்தத்துக்கு விழுந்த ஓட்டு

மாநகராட்சி மாடியில், நகரத்தின் சிறந்த கட்டடத்துக்கான போட்டிப் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. பிடித்த படத்தில் பொதுமக்கள் பச்சை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அதை வைத்து நடுவர்களும் மாணவர் குழுவும் முடிவு சொல்வார்கள். கண்ணாடிக் கோபுரத்தின் படம் பச்சையில் மூழ்கிக் கிடந்தது. மூழ்காமல் என்ன செய்யும், அங்கே வேலை பார்க்கிறவர்களையெல்லாம் வேன் வைத்தல்லவா கொண்டுவந்து இறக்கினார்கள். மூலையில் ஆஸ்பத்திரி பஸ் நிறுத்தத்தின் படம். அதில் இரண்டே இரண்டு ஸ்டிக்கர். ஒன்று அதை வடிவமைத்தவளின் கணவன் ஒட்டியது, இன்னொன்று அவள் நாத்தனார் ஒட்டியது.

அவமானம்கூடப் போகட்டும், நிறுத்தமே போகப்போகிறதே என்பதுதான் வடிவமைத்தவளின் கவலை. விளம்பரம் மாட்ட வசதியில்லை என்று தலைமைப் பொறியாளர் அதை இடிக்கத் துடித்துக்கொண்டிருந்தார். பரிசு வாங்கிய கட்டடத்தில் மட்டும் யாரும் கைவைக்க முடியாது.

"உன் ஸ்டிக்கரையும் ஒட்டினா மூணாயிடும்ல?" என்றான் கணவன்.

"நம்ம பிள்ளைக்கு நாமே மார்க் போடுறதா? வெட்கமா இருக்கு, சும்மா இருங்க."

"நான் போட்டுட்டேனே. எனக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது."

தலைமை நடுவர் மைக்கைத் தட்டினார். உடனே மாணவர் குழுவின் தலைவி எழுந்தாள். எந்நேரமும் இரும்பு ஸ்கேலும் கையுமாக அலைவதால் கல்லூரியில் அவளுக்கு ஸ்கேல் என்றே பெயர்.

"சார், கட்டடத்தை நேர்ல பார்த்துட்டுத்தான் முடிவு சொல்லணும்னு விதி இருக்கு. நாங்க எல்லாத்தையும் பார்த்துட்டோம். நீங்க?"

நடுவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படத்தைப் பார்த்தே கட்டடத்தை எடைபோட்டுப் பழகியவர்கள்.

"போட்டோ தெளிவாத்தானேம்மா இருக்கு?" என்று ஒருவர் முனகினார்.

"ஒண்ணையாவது பாருங்க சார். ஆஸ்பத்திரி பஸ் கீழேயே நிக்குது."

பெரிய மனிதர்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். கூடவே பொறியாளரும், கணவனும் மனைவியும்.

இறங்கியவளுக்குத் தன் நிறுத்தமே அடையாளம் தெரியவில்லை. தூண், சாய்மானம், இருக்கை எங்கு பார்த்தாலும் பச்சை. கைப்பிடிகளில்தான் அடை அடையாக ஒட்டியிருந்தது. உடம்பு முடியாதவர்கள் ஊன்றி எழட்டும் என்று பொறியாளரோடு மல்லுக்கட்டி அவள் உயர்த்தி வைத்த கைப்பிடிகள்.

"தப்பு எங்க மேலதான் சார்," என்றாள் ஸ்கேல். "மாடிக்கு வந்து ஒட்டுவாங்கன்னு நம்பி, எல்லா நிறுத்தத்துலயும் நின்னு ஸ்டிக்கர் கொடுத்தோம். பஸ்ஸைப் பிடிக்க ஓடுறவங்களுக்கு அதுக்கெல்லாம் ஏது நேரம்? மத்த இடத்துல கீழே போட்டுட்டுப் போனாங்க. இங்க மட்டும்தான் ஒட்டிட்டுப் போயிருக்காங்க. காலையிலதான் எங்களுக்கே தெரிஞ்சுது."

"ஓட்டு படத்துலதானே விழணும்?" தலைமை நடுவர் கூரை நிழலில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தார். பொறியாளர் வேகமாகத் தலையாட்டினார்.

அந்த நேரம் பார்த்து, காலில் கட்டோடு ஓர் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து தாங்கித் தாங்கி வந்தார். "கொஞ்சம் எந்திரிங்கய்யா, நிக்க முடியல."

தலைமை நடுவருக்கு முழங்கால் தகராறு. எழப் பார்த்தார், முடியவில்லை. கை தானாகக் கைப்பிடியைத் தேடிப் போனது. ஊன்றி எழுந்தார். உள்ளங்கையோடு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்தது. அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"எண்ணுங்க," என்றார்.

மாணவர்கள் சத்தமாக எண்ணினார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வந்து நின்ற பஸ்ஸின் கண்டக்டர் விசில் கொடுக்க மறந்தார். கோபுரத்தின் கணக்கைத் தாண்டியபோது இன்னும் தூண்களுக்கே போகவில்லை. பொறியாளர் மெல்ல நழுவி அந்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

"பரிசு இதுக்குத்தான்," என்றார் தலைமை நடுவர். அவள் கணவன் நடுரோடு என்றும் பாராமல் விசிலடித்தான். அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாகவே வந்தது.

உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்போ இதை எடுக்க மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்கம்மா," என்றாள் நிறுத்தத்தை வடிவமைத்தவள்.

அவள் கைப்பையைத் துழாவித் தன் கசங்கிய ஸ்டிக்கரை எடுத்தாள். இடம் தேடினாள். அந்த அம்மா கைப்பிடியிலிருந்து கையை எடுத்துக் காட்டினார். "இங்க கொஞ்சம் இருக்கு பாரு, ஒட்டு."

அவள் ஒட்டினாள். கொஞ்சமும் வெட்கப்படாமல் ஒட்டினாள்.