வலது கன்னம்

டிரைவருக்கு வயது ஐம்பத்து நாலு. இடது கன்னத்தைக் கேட்டால் நாற்பது என்று சத்தியம் பண்ணும். வலது கன்னம் எழுபதைத் தாண்டிவிட்டது. இருக்காதா பின்னே, முப்பது வருஷமாக பஸ்ஸின் வலது ஜன்னலோரம் வெயில் தின்ற முகம்.

தோல் டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். வயசானால் தோல் மெலிந்து, ஈரம் வற்றி, உள்ளே இழுத்துப் பிடிக்கிற நார் தளர்வது எல்லாருக்கும் உள்ளதுதானாம். வெயில் பட்டால் அந்த நார் சீக்கிரமே நைந்துபோகுமாம், கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் தப்ப முடியாதாம். களிம்பு கொடுத்தாள். போன தோல் போனதுதான் என்றும் சொல்லி அவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாள்.

கண்டக்டர் சும்மா இருப்பானா? கல்யாணத்தை இடது கன்னத்துக்கு மட்டும் பண்ணி வைத்துவிடலாம் என்றான்.

கல்யாண ஆசை நிஜம்தான். மனைவி போய்ப் பத்து வருஷமாகிறது. தினமும் காலையில் ஒரு தையல்காரி ஏறி, முன்னால் இடது பக்க சீட்டில் உட்காருவாள். அவளும் தனிக்கட்டை. சாயங்காலம் வலது பக்கமிருக்கும் அவள் கடையை பஸ் தாண்டும்போது, வாசலுக்கு வந்து கையாட்டுவாள். அவ்வளவு தூரத்துக்குச் சுருக்கமெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று டிரைவருக்கு ஒரு தைரியம்.

ஒரு லீவு நாளில், தலைக்கு மை பூசிக்கொண்டு, அவளை டீ குடிக்க அழைத்துப் போய், டீக்கடை பெஞ்சில் இடது கன்னம் அவள் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்து கேட்டேவிட்டார்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. எனக்கு அம்பது ஆச்சு. உங்களுக்கு நான் அக்கா மாதிரி."

தம்பியாம்! மனுஷருக்கு உயிரே போய்விட்டது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"வேணும்னா உங்க அப்பாகிட்ட கேட்டுப் பாருங்களேன்."

"எங்க அப்பாவா?"

"சாயங்கால வண்டி ஓட்டுறாரே, அவருதான். அச்சு அசல் உங்க ஜாடை. அந்தச் சுருக்கம் அத்தனையும் சேர்ந்து சிரிக்கும். அவருக்காகத்தான் வாசல்ல நிக்கிறேன்."

அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம். டிரைவருக்குத் தன் வலது கன்னத்தின் மேலேயே பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. வேறு வழியில்லை, மெல்ல முகத்தைத் திருப்பினார்.

அவள் அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள், மறுபடி அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு எழுந்து, பெஞ்சைச் சுற்றிப் போய் அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்தாள்.

"இப்ப கேளுங்க," என்றாள்.