தெய்வயானை மகனின் இரண்டாவது முகம்

…கோட்டு மட்டும் முன்கூட்டியே வரைந்து வைத்துவிடுவேன், தலையில்லாமல், டஜன் கணக்கில், கறுப்புக் கோட்டு, டை, வெள்ளைக் காலர், செத்தவன் முகம் வந்து சேர்ந்ததும் மேலே பொருத்த வேண்டியதுதான், இந்தச் சண்டையில் சைகோன் தையல்காரர்கள் எல்லாரும் சேர்ந்து தைத்ததைவிட நான் போட்டுவிட்ட கோட்டு அதிகம், அளவு சரியில்லை என்று ஒருவனும் திரும்பி வந்ததில்லை... கான் ஹொய் துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டைகளுக்கு முத்திரை குத்தி ஓய்ந்த கை இது, பிரெஞ்சுக்காரன் போய் அமெரிக்கன் வந்த பிறகு தூரிகை பிடித்தது, அறுபத்திரண்டு வயதில் நான் 'வளரும் ஓவியர்', படக்கூடம் நடத்துகிற மதாம் இவோன் தன் கண்காட்சி அழைப்பிதழில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறாள், இன்னும் வளர்ந்தால் கூரை இடிக்கும். நேற்று வந்தாள், புதுச்சேரிக்காரி, ஆறு மாதம் உயிரைக் கொடுத்து நான் வரைந்த ஆற்றுப் படகுப் படங்களை ஒரு தும்மல் நேரத்தில் பார்த்து முடித்துவிட்டுச் சுவரோரம் காய்ந்துகொண்டிருந்த ஒரு முகத்தின் முன்னால் நின்றுவிட்டாள். "மெஸ்யே வயிரவன், இது யாரு?" "மாரியம்மன் கோயில் பக்கத்துல கறிமசால் பொடி விக்கிற தெய்வயானை மகன். பட்டாளத்துக்குப் புடிச்சுட்டுப் போனாங்க, போன மாசம் செத்துட்டான். பூசை மாடத்துல வைக்கக் கேட்டிருக்கா." "இதத்தான் மாட்டப் போறேன். உங்க படகையெல்லாம் நீங்களே வச்சுக்குங்க." "நாளைக்கு நாலு மணிக்கு அவ வந்துருவாளே, மதாம்." "அவங்களுக்கு இதப் பாத்து இன்னொண்ணு போட்டுக் குடுங்க. நாளைக்குச் சாயங்காலம் கார் அனுப்புறேன்."

மணி மூன்றாகிவிட்டது, இன்னொன்றுதான் போட்டுக்கொண்டிருக்கிறேன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் குண்டு விழும்போதெல்லாம் கிண்ணத்தில் கரித்தூள் குதிக்கிறது... முதல் படத்துக்கு ஒன்பது நாள், அடையாள அட்டையில் நகத்தளவு போட்டோ, பாதி முகத்தை சர்க்கார் முத்திரை தின்றுவிட்டது, மிச்சத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் வரைந்தாள், கண்ணு இவ்வளவு பெரிசில்லண்ணே, உதட்டை இந்தப் பக்கம் இழுத்துக்குவான், ஏதோ சொல்ல வந்துட்டு வேணாம்னு விட்ட மாதிரி இருக்கும்ணே, அந்த உதட்டை நூறு தடவை அழித்திருப்பேன், சரி, ஏழு தடவை. இன்றைக்கு அவள் இல்லை, உதடு முதல் வீச்சிலேயே வந்துவிட்டது, அழகான உதடு, யாருடையது? முதல் படம் அவளுடையது, அதில் சந்தேகமே இல்லை, ஆனால் அவள் வீட்டில் அதை யார் பார்க்கப் போகிறார்கள், இரண்டு வருஷத்தில் ஊதுபத்திப் புகை தின்றுவிடும், கண்காட்சியில் என்றால் ஊரே பார்க்கும், எனக்கு இன்னும் எத்தனை வருஷம்... அவள் கண்டுபிடித்துக் கேட்டால் கொடுத்துவிடுவது, அலமாரிக்குப் பின்னால்தானே இருக்கப் போகிறது, கேட்டால் அந்த நிமிஷமே.

நாலு அடிக்கும்போது வந்தாள், நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு நின்றாள், ஒரு கப்பல் துறைக்குள் வந்து சரக்கிறக்கித் திரும்பிப் போகிற அளவு நேரம் அந்த இரண்டாவது முகத்தைப் பார்த்தாள். "கோட்டுல பெரிய ஆபீசர் மாதிரி இருக்கான்." பிறகு, மெதுவாக, "அன்னைக்குப் பாத்தப்ப வேற மாதிரி இருந்துச்சோண்ணே?" இதோ கேட்டுவிட்டாள், அலமாரிக்கு நாலே எட்டு, என் வாய்தான் முந்திக்கொண்டது, "காஞ்சா கொஞ்சம் மாறும், தங்கச்சி." "ஆமாமா," என்றாள், "எனக்குத்தான் இப்பல்லாம் அவன் மொகம் சரியா ஞாபகம் நிக்க மாட்டேங்குது," என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லிவிட்டு, படத்தைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள்... இனி தினமும் விளக்கேற்றி அந்த உதட்டைத்தான் பார்ப்பாள், பார்த்துப் பார்த்து அதுவே அவன் உதடாகிவிடும். கீழே இவோனின் கார் ஹாரன் அடிக்கிறது, சீக்கிரமே அனுப்பிவிட்டாள், ஜன்னலில் தலையை நீட்டினால் தெருமுனையில் தெய்வயானையின் குடை இன்னும் தெரிகிறது, கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான், கூப்பிட்டு என்ன சொல்வது, உனக்கு ஞாபகம் சரியாகத்தான் இருக்கிறது என்றா...