வழவழப்பு

கண்ணை மூடிக்கொண்டு அவள் காரின் மட்கார்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இடது கையில் பிழிந்த பஞ்சிலிருந்து தண்ணீர் இறங்கி, தகட்டின் பள்ளங்களை நிரப்பப் பூசிய சாம்பல் நிறப் பட்டியைக் கரைத்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் ஓடியது. வலது கையில் மூன்றாக மடித்த வாட்டர் பேப்பர், ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள். கொஞ்ச நேரம் தேய்ப்பாள், பேப்பரை எடுத்துவிட்டு அதே இடத்தை வெறும் விரலால் தடவிப் பார்ப்பாள், மறுபடி தேய்ப்பாள்.

"என்ன சொல்லுது?" என்று கொட்டகை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவள் கணவன், பெயிண்டர், கேட்டான்.

"விளிம்புகிட்ட ஒரு பள்ளம் இருக்குங்க."

"பெருசா?"

"சும்மா, நகம் பதிஞ்ச மாதிரி."

"அப்ப இன்னும் தேய். நம்ம கண்ணுக்குத் தெரியலைன்னாலும் வெயில் காட்டிக்கொடுத்துடும்."

"வெயில் உங்ககிட்ட வந்து கோள் சொல்லுதாக்கும்."

அவன் சிரிக்கப் போய் இருமினான். இருமல் அடங்கும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவனுக்குப் பிடிக்காது. பஞ்சைத் தண்ணீரில் முக்கி எடுத்தபோது உதடு மட்டும் அசைந்தது. அவனுடைய மூச்சுக்காக அவள் கடவுளிடம் கேட்பது அப்படித்தான், வேலைக்கு நடுவே.

பட்டறையில் பஸ்களுக்குப் பெயிண்ட் அடித்தே அவன் நுரையீரல் கெட்டது. இருமல் நிற்காமல் போனதும், "உடம்பைப் பார்த்துக்கப்பா" என்று அன்பாகச் சொல்லி முதலாளி அவனை வீட்டுக்கு அனுப்பினார். அதன்பின் வந்த ஒரே வேலை இந்தக் கார். இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, தரையோடு தரையாகப் பதுங்கிய உடம்பு. லாரியில் வந்து இறங்கியபோது அதன் அடித்தகடு சல்லடையாக இருந்தது. இருக்கைக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. துருவை வெட்டி, புதுத் தகடு பற்றவைக்கும்வரை அவனால் முடிந்தது. பட்டி தேய்க்கத் தொடங்கியதும் தூசி அவனைப் படுக்கையில் தள்ளியது. அன்று அவள் வாட்டர் பேப்பரைக் கையில் எடுத்தாள்.

கார் பல் டாக்டருடையது. அவர் வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார். வந்ததும் பையிலிருந்து மெல்லிய ரப்பர் உறைகளை எடுத்து மாட்டிக்கொண்டுதான் காரைத் தொடுவார். "ஒரு நாள் பாருங்க, காரையே ஆ காட்டச் சொல்லப் போறாரு" என்று அவர் போனபின் அவள் சொல்வாள். கெட்டவர் இல்லை. அவள் கையைப் பார்த்துவிட்டு, முதல் மாதமே கிளினிக்கிலிருந்து ஒரு பெட்டி உறை கொண்டுவந்து கொடுத்தார்.

"இதைப் போட்டுக்கிட்டு வேலை செய்யுங்கம்மா."

பெயிண்டர் பெட்டியை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தான். "உறை போட்டா வளைவு தெரியாது சார். எங்க வேலையில கையிதான் கண்ணு. கண்ணைக் கட்டிக்கிட்டு யாராவது நடப்பாங்களா?"

டாக்டர் சிரித்தார். பெட்டி மேலேயே இருந்தது.

காரின் உடம்பு முழுதும் வெள்ளை அடிக்கத் தயாராகிவிட்டது என்று பெயிண்டர் சொன்ன வாரம் டாக்டர் ஒரு படத்தோடு வந்தார். பந்தயக் காரின் படம். மட்கார்டுகள் நான்கும் புடைத்துக்கொண்டு, சக்கரங்கள் வெளியே பிதுங்கி நின்றன. நிறம் கருப்பு.

"இப்படி அகலமாக்கிடலாம் பெயிண்டர். நிறமும் இதே மாதிரி. கண்ணாடி மாதிரி இருக்கணும்."

பெயிண்டர் படத்தை நெடுநேரம் பார்த்தான். "வெள்ளைன்னா கொஞ்சம் மன்னிச்சு விட்டுடும் சார். கருப்பு ஒண்ணையும் மறைக்காது. மொதல்ல இருந்து தேய்க்கணும்."

"அவசரம் இல்லையே. பழைய கார் கண்காட்சிக்குள்ள முடிஞ்சா போதும்."

மட்கார்டுகளை வெட்டி அகலத் தகடு சேர்த்தார்கள். அவள் மறுபடி பட்டி பூசினாள், மறுபடி தேய்த்தாள். மாலையில் தின்னர் ஊற்றிக் கை கழுவும்போது விரல் நுனிகள் இளஞ்சிவப்பாகப் பளபளத்தன. சுடும் பாத்திரத்தைத் தொட்டால் சுருக்கென்றது. மற்றபடி வலி ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்ப்பவள். ஒரு சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குள் வந்தாள்.

"ஏண்டி, ஒரு இடம் காலியா இருக்கு. சூப்பர்வைசர்கிட்ட உன்னைப் பத்திச் சொல்லிட்டேன். நிரந்தர வேலை. வீட்டு ஆளுங்களுக்கு வைத்தியம் அங்கேயே பார்த்துக்குவாங்க. இந்த மனுசனோட நெஞ்சை ஒரு நல்ல டாக்டர் பார்க்கட்டும்."

"என் நெஞ்சை எதுக்கு டாக்டர் பார்க்கணும்? அதுல நீங்க ரெண்டு பேரும்தான் உட்கார்ந்திருக்கீங்க" என்றான் பெயிண்டர்.

"அதான் மூச்சு விட முடியலை உனக்கு" என்றாள் அக்கா.

மூவரும் சிரித்தார்கள். அன்றைக்கு அவன் இரண்டாவது முறை சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

ஆஸ்பத்திரியின் பதிவு அறையில் ஒரு மேஜையும், அதன்மேல் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய இயந்திரமும் இருந்தன. இளம்பெண் ஒருத்தி அதை அவள் பக்கம் நகர்த்தினாள். "கட்டைவிரல் வைங்கம்மா." வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. ஆள்காட்டி விரல், இடது கை, மறுபடி வலது கை. எல்லாம் சிவப்பு.

அந்தப் பெண் அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். "ரேகையே காணோமே. என்ன வேலை பார்க்கறீங்க?"

"கார் தேய்க்கிறேன்மா."

"எவ்வளவு வழவழன்னு இருக்கு, குழந்தை விரல் மாதிரி." சொன்னவள் உடனே குரலைத் தாழ்த்தினாள். "இங்க உள்ள வர, வெளிய போக, சம்பளம் போட, எல்லாத்துக்கும் விரல்தான். விரல் விழலைன்னா ஆள் வரலைன்னுதான் அர்த்தம். என்னால மாத்த முடியாது. திங்கட்கிழமை சாயங்காலத்தோட பதிவை மூடிடுவாங்க. அதுவரைக்கும் உங்க இடத்தை யாருக்கும் கொடுக்காம வைக்கிறேன். கைக்கு ஓய்வு கொடுங்க. எண்ணெய் தடவுங்க. ரேகை திரும்ப வளரும்."

அவள் வீட்டுக்கு வந்து சொன்னதைப் பெயிண்டர் கேட்டான். எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து உறைப் பெட்டியை எடுத்தான். அதன்மேல் படிந்திருந்த பட்டித் தூசியை ஊதினான். தூசி பட்டு இருமினான். பெட்டியை அவள் பக்கத்தில் வைத்தான்.

அந்த வாரம் பாத்திரங்களை அக்கா வந்து அள்ளிக்கொண்டு போய்க் கழுவிக் கொடுத்தாள். துணிகளைப் பெயிண்டரே அலசினான், ஒவ்வொரு துணிக்கும் நடுவே உட்கார்ந்து எழுந்து. அவள் மகாராணி மாதிரி வாசலில் உட்கார்ந்து விரல்களுக்கு எண்ணெய் தடவினாள். "சும்மா இருக்கிறதுதான்க்கா பெரிய வேலையா இருக்கு" என்றாள். காலையில் எழுந்ததும் அவன் அவள் கட்டைவிரலைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பான். வாரக் கடைசியில், ஓரத்தில், தண்ணீரில் மெல்லிய காற்று பட்டதுபோலச் சில கோடுகள் தெரிந்தன.

"வருது," என்றான். "வந்துடும்."

பட்டி வேலை முடிந்திருந்ததால் மீதி இருந்தது கருப்பு மட்டும். தூசி உட்காராமலிருக்கக் கொட்டகையைச் சுற்றி ஈரப் போர்வைகளைத் தொங்கவிட்டு, மூக்கில் ஈரத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அவனே ஸ்பிரே கன்னை எடுத்தான். அவள் தடுத்தாள். "இதுல கை தேயாது, மூச்சுதான் தேயும். இது நான் அடிச்சாத்தான் வரும்" என்றான். கதவுகள், மட்கார்டுகள், பின்பக்கம் எல்லாம் கண்ணாடியாக வந்தன. கடைசியில் எஞ்சின் மூடியான பானட். நடுவில் கை போய்க்கொண்டிருந்தபோது இருமல் வந்தது. கை ஒரு கணம் நின்றது. நின்ற இடத்தில் பெயிண்ட் கூடிக் கண்ணீர்போல வழிந்தது.

அவன் அந்த வழிசலைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தான். உதடு நீலமாகியிருந்தது. அவளும் அக்காவும் தாங்கிப் பிடித்துப் படுக்கையில் கிடத்தினார்கள். இழுப்பு மருந்துக் குப்பியை வாயில் வைத்து அழுத்தினால் வெறும் காற்றுதான் வந்தது. பல் டாக்டர் காரை எடுத்துக்கொண்டு கணக்கை முடித்தபின்தான் புதுக் குப்பி வாங்க முடியும். அன்றைக்கு அக்கா தன் வீட்டிலிருந்ததைச் சுரண்டிக் கொடுத்து ஒன்று வாங்கிவந்தாள்.

மூச்சு திரும்பியதும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "பானட்டைத் தொடாதே."

"அப்படியேவா கொடுக்கறது? கண்ணாடி மாதிரி வேணும்னாரே. இப்படிப் பார்த்தா எடுத்துக்குவாரா?"

"எடுக்கலைன்னா போகட்டும். வழிசலோட போகட்டும். இந்தப் பெயிண்டருக்கு அடிக்கத் தெரியலைன்னு ஊரெல்லாம் சொல்லட்டும்." இதைச் சொல்லும்போது அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடித்த வண்டியில் தூசி ஒன்று ஒட்டியிருந்தாலும் சாப்பிடாமல் படுக்கிற ஆள். "உன் கை வேணும். அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் தூங்கியபின் அவள் கொட்டகைக்குப் போனாள். உறைப் பெட்டியைத் திறந்து ஒரு ஜோடி மாட்டிக்கொண்டாள். இருப்பதிலேயே நைசான வாட்டர் பேப்பரைச் சிறு துண்டாகக் கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்து, வழிசலின் தலையிலிருந்து தேய்க்கத் தொடங்கினாள். ஈர ரப்பர் வழுக்கியது. வழிசல் எங்கே முடிகிறது, நல்ல பெயிண்ட் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஒரு இழுப்பு கூடப் போனால் கீழேயிருக்கும் சாம்பல் நிறம் பல்லைக் காட்டிவிடும். பானட் முழுவதையும் அவன் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். உள்ளிருந்து அவன் மூச்சு சீழ்க்கைபோலக் கேட்டுக்கொண்டிருந்தது. கை நின்றது.

வலது உறையை உருவிக் கீழே போட்டாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மடக்கிக்கொண்டு, கடைசி இரண்டு விரல்களால் மட்டும் தேய்த்துப் பார்த்தாள். பேப்பர் நழுவியது. கட்டைவிரல் இல்லாமல் பேப்பர் நிற்காது. உதடு அசைந்தது. பிறகு கட்டைவிரலை நீட்டிப் பேப்பரைப் பிடித்தாள்.

வழிசல் கரைந்து மட்டமானபின் பாலிஷ் போட வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு கையும் வேண்டும். இடது உறையும் கீழே விழுந்தது. வெயில் சாயும்போது பானட்டில் தகரக் கூரையின் ஒவ்வொரு ஆணியும் தெரிந்தது. அவள் கையைக் கழுவிக்கொண்டு எண்ணெய் தடவினாள்.

மறுநாள் காலை பதிவு அறையில் அந்தப் பெண் அவளைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். தன் கைப்பையிலிருந்து களிம்பு எடுத்து அவள் விரல்களில் தானே தடவித் துடைத்துவிட்டாள். சிவப்பு. மெதுவாக அழுத்தச் சொன்னாள். சிவப்பு. தன் உள்ளங்கையை அவள் விரல்மேல் வைத்துக் கொஞ்சம் சூடேற்றி மறுபடி வைக்கச் சொன்னாள். சிவப்பு. வாசலில் துடைப்பத்தோடு நின்ற அக்கா, "நல்ல பொண்ணும்மா, நான் ஜாமீன்" என்றாள்.

"மெஷின் ஜாமீன் கேட்கலையேக்கா" என்றாள் அந்தப் பெண். அடுத்த ஆளை அவள் உடனே கூப்பிடவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். அப்புறம்தான் கூப்பிட்டாள்.

அவள் வீடு திரும்பியபோது கார் கொட்டகையிலிருந்து வெளியே, வெயிலில் நின்றது. டாக்டர் அதைச் சுற்றிச் சுற்றி நடந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார். பெயிண்டர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். காலையில் எழுந்ததும் அவன் பானட்டைப் பார்த்திருப்பான். அவளைப் பார்த்ததும் எழ முயன்றான். கேட்க வந்ததை டாக்டர் எதிரில் கேட்காமல் வாயை மூடிக்கொண்டான்.

"அம்மா, அற்புதம்!" என்றார் டாக்டர். "ஒரு அலை இல்லை, ஒரு புள்ளி இல்லை. தலை வாரிக்கலாம் போல இருக்கு."

அவள் சிரித்தாள். தன்னையறியாமல் பானட்டின் நடுவில், வழிசல் இருந்த இடத்தில் கை வைத்துத் தடவினாள். பள்ளம் மேடு ஏதுமில்லை.

"ஐயோ, கை வேண்டாம்மா. கருப்பு இல்லையா, ரேகை அப்படியே தெரியும்."

கையை எடுத்துக்கொண்டாள். டாக்டர் பையிலிருந்து உறைகளை எடுத்து, ஒவ்வொரு விரலாக நீவி மாட்டிக்கொண்டு, மெல்லிய துணியோடு குனிந்தார். ஐந்து விரல் பட்ட இடத்தில் ஐந்து மங்கலான வட்டங்கள் இருந்தன. அவர் தலையைச் சாய்த்து வெயிலுக்கு எதிராக உற்றுப் பார்த்தார்.

"நல்லவேளை," என்றார் மகிழ்ச்சியாக. "ஒரு ரேகைகூட விழலை."

ஸ்டூலில் இருந்தவன் அவள் முகத்தைப் பார்த்தான். அதன்பின் அவன் ஒன்றும் கேட்கவில்லை. துணி ஒரு தடவை போய் வந்தது; வட்டங்கள் மறைந்தன. பானட்டில் வானமும், டாக்டரின் முகமும், கொட்டகைத் தரையில் கிடந்த இரண்டு ரப்பர் உறைகளும் துல்லியமாகத் தெரிந்தன.