ஒழுகாத புல்தரை

சூளகிரியைத் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டி நின்ற அந்தத் தொழிற்சாலையில் மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் டேங்க் செய்தார்கள். டேங்கில் காற்றை அடைத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்குவார்கள். ஒரு குமிழி கிளம்பினாலும் அதன் கழுத்தில் சிவப்புச் சீட்டு. இதையே பார்த்துப் பார்த்து அங்கிருந்தவர்களுக்கு ஓட்டை என்றாலே உடம்பு கூசும். இட்லித் தட்டில் ஏன் இத்தனை துளை என்று தரப் பிரிவு ஒருமுறை கேன்டீன்காரரிடம் விளக்கம் கேட்டதாகச் சொல்வார்கள். சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை.

பூபதி அங்கே நிர்வாகப் பிரிவில் ஒப்பந்த ஊழியன். சொந்த ஊர் அருப்புக்கோட்டை. கிருஷ்ணகிரியில் ரஞ்சிதாவைப் பெண் பார்த்து எல்லாருக்கும் பிடித்துப்போயிருந்தது. அவளுடைய அப்பா முனிசாமி மட்டும் ஒரே பிடியாக நின்றார். வேலை நிரந்தரம் என்று கம்பெனி எழுதிக் கொடுக்கட்டும், அப்புறம் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றார். மாவு மில்லில் கூலிக்கு இருந்தவர் அவர். போகச் சொன்னால் போக வேண்டிய வேலை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அந்த ஐப்பசியில் ஜப்பானிலிருந்து வாடிக்கையாளர்கள் வருவதாக இருந்தது. ஆபீஸ் முன்னால் இருந்ததோ சுத்தக் களிமண். வெயிலில் பேனா விழுந்தால் எடுக்க முடியாத அளவுக்கு வெடிக்கும். மழையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. நட்ட புல்லெல்லாம் பாதி அழுகி, மீதி காய்ந்து போயிருந்தது. செயற்கைப் புல் போட்டுவிடு, நல்லபடியாக முடிந்தால் உன் நிரந்தர ஆர்டரில் கையெழுத்துப் போடுகிறேன் என்றார் எம்.டி.

ஆனேக்கல்லிலிருந்து சென்னப்பன் என்ற கான்ட்ராக்டர் வந்தார். கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடிக்கும் மனிதர். மேல்மண்ணை வழித்தெடுத்து, தரையை ஒரு பக்கமாகச் சரித்து, வாய்க்கால் வெட்டினார். களிமண் தண்ணீரைக் குடிக்காது. ஆகவே புல்லின் அடித்துணியில் உள்ள துளை வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, ஜல்லிக்குள் ஓடி, வாய்க்காலில் புதைத்த துளைப் பைப்புக்குள் புகுந்து, வெளியே ஓடைக்குப் போய்விட வேண்டும். பூபதிக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துவிட்டது. அன்று போனில் ரஞ்சிதாவிடம் ஒரு மழைத்துளி ஓடைக்குப் போய்ச் சேரும் கதையை முழுசாகச் சொன்னான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, துளி சரி, நீங்க எப்பப் போய்ச் சேருவீங்க என்று கேட்டாள்.

சிக்கல் லாரியில் வந்தது. எந்தப் பொருளானாலும் தரப் பிரிவு பார்த்துப் பச்சைச் சீட்டு ஒட்டினால்தான் உள்ளே போகலாம். அந்தப் பிரிவின் தலைவி ஜோதிமணி மேடம் புல் சுருளைப் பிரித்து வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடிக்கச் சொன்னார். அடித்துணி முழுக்க வெளிச்சப் புள்ளிகள். பைப்பை எடுத்துப் பார்த்தார். அதிலும் வரிசை வரிசையாகத் துளை. அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. இழவு வீட்டுக்கு வந்தவர்போல நின்றார்.

"ஓட்ட இல்லாம போனா தண்ணி எங்கம்மா போகும்?" என்றார் சென்னப்பன். "ஆபீஸ் வாசல்ல மீன் புடிக்கலாம்."

"இந்தக் கம்பெனில தண்ணி வெளிய வந்தா அதுக்குப் பேரு ரிஜெக்சன்ங்க" என்று சொல்லிச் சிவப்புச் சீட்டை ஒட்டினார் மேடம். துளையை எல்லாம் அடைத்தால்தான் பச்சை என்றார்.

அடைப்பதானால் அடைத்துக்கொள்ளுங்கள், மழைக்கு நான் ஜவாப்தாரி இல்லை, விரிக்க ஆள் அனுப்புகிறேன் என்று சென்னப்பன் பைக்கைக் கிளப்பினார்.

பூபதி எம்.டி. அறைக்குப் போனான். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தான். உள்ளே மேஜையில் அவனுடைய நிரந்தர ஆர்டர் டைப் செய்து கிடந்தது. ஜோதிமணியின் கண்ணைப் பார்த்தாயா, புல்லில்கூட லீக் கண்டுபிடித்துவிட்டார் என்று எம்.டி. பூரித்துப்போய்ப் பேசினார். நீ என்ன சொல்கிறாய் என்றும் கேட்டார். பூபதி அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மழைத்துளியின் பயணம் அவன் தொண்டை வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது.

"அடைச்சிடலாம் சார்" என்றான்.

டேங்க் பிரிவு அதைச் சாமி காரியம்போலச் செய்தது. ஆண்களும் பெண்களும் சுருளைச் சுற்றிச் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு துளைக்கும் சீலன்ட் பசை வைத்து அடைத்தார்கள். பைப்பின் துளைகளைச் சூடான பிளாஸ்டிக்கால் அடைத்தார்கள். இரண்டுக்கும் பச்சைச் சீட்டு கிடைத்தது. புல் விரிந்ததும், பக்கத்துச் சானமாவு காட்டு யானைகள் இதைப் பார்த்து ஏமாந்து வந்துவிடுமோ என்று எம்.டி. பெருமையாகக் கவலைப்பட்டார். பூபதி அன்றிரவு ரஞ்சிதாவிடம் புல்லைப் பற்றிப் பேசவில்லை.

ஜப்பான்காரர்கள் வருவதற்கு முந்தின நாள் மழை பிடித்தது. விடிந்தபோது ஆபீஸ் முன்னால் பச்சை நிறத்தில் ஒரு குளம் இருந்தது. கொடிக்கம்பம் அதன் நடுவில் நின்றது. விருந்தினர்களுக்கு ஷூவைக் கழற்றுவது புதிதல்ல. கழற்றி, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள். எம்.டி. திரும்பிப் பூபதியைப் பார்த்தார். முனிசாமியும் ரஞ்சிதாவும் தாம்பூலத் தட்டும் அந்தக் குளத்தில் மிதந்து போவதுபோல அவனுக்குத் தோன்றியது.

அப்போது ஜோதிமணி மேடம் முன்னால் வந்து கரைக்கல்லில் தான் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டைக் காட்டினார்.

"மழ விட்டதும் மார்க் பண்ணேன் சார். இன்னும் லெவல் இறங்கல."

மொழிபெயர்ப்பாளர் சொன்னதும் ஜப்பான் தலைவர் குனிந்து கோட்டைப் பார்த்தார். பிறகு தண்ணீரில் நின்றபடியே அந்தக் கோட்டுக்கு ஒரு வணக்கம் வைத்தார். திறந்த மைதானத்திலேயே ஒரு சொட்டு ஒழுக விடாதவர்கள் டேங்கில் விடுவார்களா என்று அவர் கேட்டதாக மொழிபெயர்ப்பாளர் சொன்னார். மதியம் சாப்பாட்டுக்கு முன்பே டேங்க் ஆர்டர் உறுதியாயிற்று.

ஆனால் குளம் போகவில்லை. துளை போட்டு வடித்துவிடலாமா என்று யாரோ கேட்டதற்கு, தேறிய பொருளில் ஓட்டை போடுவதா என்று மேடம் பதறிவிட்டார். மழை பெய்யும்போதெல்லாம் தண்ணீரை இறைத்து ஓடையில் ஊற்ற ஒரு பொறுப்பான ஆள் வேண்டியிருந்தது. ஒப்பந்த ஆளை நம்பி விட முடியாது என்றார் எம்.டி. சாயங்காலம் பூபதியின் ஆர்டரில் கையெழுத்து விழுந்தது.

அவன் கையில் வாளியோடு, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, முனிசாமியிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"அடியில களிமண்ணுதான, மாப்ள?"

"ஆமா மாமா."

"மேல அடச்சது அடச்சதுதான?"

"ஆமா."

"அப்ப வேலைக்கு ஒண்ணும் பயமில்ல" என்றார் முனிசாமி. "வர்ற தை மாசம் வெச்சுக்கலாம். அப்ப மழ இருக்காது, லீவு குடுப்பாங்க."

பூபதி அடுத்த வாளியை மொண்டான். உள்ளே ஒரு சின்னத் தவளை இருந்தது.