கயிற்றின் கீழ்முனை

"அம்மா கயிறு பிடிச்சா அப்பா விழலை. அப்பா பிடிச்சா அம்மா விழுந்துடுவாங்களா?"

சிறுமியாக இருந்தபோது மகள் கேட்டது. "உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்" என்று சிரித்து மழுப்பிவிட்டார் பெயிண்டர்.

மொட்டை மாடியிலிருந்து தொங்கும் பலகையில் உட்கார்ந்து அவர் சுவருக்கு வண்ணம் அடிப்பார். மாடி விளிம்பில் மாட்டிய உருளை வழியே இறங்கிவரும் பலகைக் கயிற்றை இரும்புக் கம்பத்தில் சுற்றி, கீழே மனைவி பிடித்திருப்பார். மேலே இருப்பவருக்கு முழுக்கூலி. கீழே நிற்பவருக்குப் பாதி.

மகள் இப்போது வளர்ந்து, உள்ளறைகளுக்கு வண்ணம் அடிக்கிறாள். பெயிண்டருக்கோ கொஞ்ச நாளாகத் தலைச்சுற்றல். இன்று பொழுது சாய்வதற்குள் சுவர் முடியாவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வதாக மேஸ்திரி சொல்லிவிட்டார்.

"நான் ஏறுறேன்பா."

"பொம்பளப் பிள்ளை அந்தரத்துல தொங்குனா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"அந்த நாலு பேரையும் வரச் சொல்லுங்க. ஆளுக்கொரு பிரஷ் தரேன்."

"பாத்தியாடி, உன் மக பேசுறத!"

மனைவி சேலையை இழுத்துச் செருகினார். "இத்தனை வருஷமா உங்க உயிர் என் கையில தொங்குச்சு. அப்ப யாரும் ஒண்ணும் பேசலையே. அவ ஏறட்டும். இன்னைக்கு நீங்க பிடிங்க."

மகள் உச்சியிலிருந்து தொடங்கினாள். "இறக்குங்கப்பா" என்ற குரல் வரும்போதெல்லாம் அவர் கொஞ்சம் கயிறு விட்டார். திடீரென்று காற்று பலகையை உலுக்கியது. பதறி அண்ணாந்து பார்த்தார். பிடி தளர்ந்தது. கயிறு சரசரவென்று ஓடியது.

"அப்பா!"

மனைவி பாய்ந்து கயிற்றைப் பற்றினார். பலகை குலுங்கி நின்றது.

"மேல பாக்காதீங்க. கயித்தப் பாருங்க. அவளக் காதால கேளுங்க."

"நீ என்னை நிமிந்து பாத்ததே இல்லையா?"

"பாத்திருந்தா நீங்க இருந்திருப்பீங்களா?"

மேலிருந்து மகளின் குரல் வந்தது. "அப்பா, பிடிச்சிருக்கீங்களா?"

"பிடிச்சிருக்கேன்மா. நீ அடி."

அதன்பின் அவர் நிமிரவில்லை. உதடு மட்டும் கடவுளை அழைத்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் இருக்கும்போதே சுவர் முடிந்தது. மகளின் கால் தரையைத் தொட்டது.

"நாளைக்குப் பின்பக்கச் சுவர். நீதான் ஏறுற" என்றார் பெயிண்டர். "கயிறு பிடிக்கிறவங்களுக்கும் முழுக்கூலின்னு மேஸ்திரிகிட்ட கேக்கப்போறேன். இப்ப ரெண்டு பேரும் முன்னாடி போங்க, வந்துடறேன்."

அவர்கள் போனபின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். கீறிக் கிழிந்திருந்தது. கயிறு நெடுக, காய்ந்த பெயிண்ட் முள்முள்ளாக ஒட்டியிருந்தது. எல்லாம் இத்தனை வருஷமாக மனைவி கீழே பிடித்திருந்தபோது அவர் மேலே இருந்து சிந்தியது.

கம்பத்தடியில் உட்கார்ந்தார். சுரண்டும் தகட்டை எடுத்து, கயிற்றை மடியில் போட்டு, ஒவ்வொரு முள்ளாகச் சுரண்டினார். பின் விரலால் வருடிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. உதிர்ந்த துகள்களைக் காலால் மண்ணுக்குள் தள்ளி மூடிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.